இறங்க முடியாத பேருந்து என்று எதுவும் இல்லை

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம். பத்தாம் வகுப்பு முடித்த தங்கைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க ஓர் இளைஞர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னார். முகம் நினைவுக்கு வர அரை நிமிடம் ஆனது. 2016-17ஆம் கல்வியாண்டில் என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவர்.

"இப்ப என்ன பண்ற தம்பி?"

"பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறனுங்க சார். பி.காம். முடிச்சு மூணு வருசமாச்சுங்க."

"வேலை எப்படி? பிடிச்சிருக்கா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "சட்டம் படிக்கோணும்னு ஆசைங்க சார். கம்பெனி கேஸ் விசயமா வக்கீல் ஆபீசுக்குப் போய் வந்ததுல இருந்து அதே நெனப்புங்க. ஆனா இனிமே எப்படிங்க? நீங்களே அன்னைக்குச் சொன்னீங்களே, பத்தாவது முடிச்சு எடுக்கற முடிவுதான் கடைசி வரைக்கும், தப்பான பஸ்ல ஏறிட்டா எறங்க முடியாதுன்னு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியத்தை எட்டு ஆண்டுகளாக உண்மை என்று நம்பி வைத்திருந்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. அந்த வாக்கியத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவந்தேன். பொதுத்தேர்வுக்கு முன், மாணவர்கள் விளையாட்டாக இருக்கிறார்களே என்ற கவலையில், கொஞ்சம் பயம் இருந்தால் படிப்பார்கள் என்ற எண்ணத்தில் சொல்வேன். அதைச் சொன்ன நானே ஒரு பேருந்திலிருந்து இறங்கி, வேறு பேருந்து ஏறி, 34 வயதில் இந்தப் பள்ளி வாசலுக்கு வந்தவன். அதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும், மாணவர்களிடம் உயர்கல்வி பற்றிப் பேசும்போது நாம் எதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பவற்றை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சாயப்பட்டறையிலிருந்து

நான் 2001இல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தேன். அடுத்த மாதமே திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை. வாங்குபவர் அனுப்பும் துணித்துண்டின் நிறத்தைப் பார்த்து, அதே நிறம் வரும்வரை சிறு அளவில் சாயமேற்றிக் காட்ட வேண்டும். பிப்பெட், தராசு, வெப்பநிலைமானி, பி.எச். தாள் ஆகியவற்றோடு ஒன்பது ஆண்டுகள் போயின. சம்பளம் மெதுவாக உயர்ந்தது. திருமணமாயிற்று, மகள் பிறந்தாள். இனி வாழ்க்கை இப்படித்தான் என்று நானும் முடிவுசெய்திருந்தேன்.

2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் அதன்கீழ் இருந்த வயல்களும் என்ன பாடு பட்டன என்பது எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். அந்த உத்தரவில் இருந்த நியாயம் எனக்கும் புரிந்தது. ஆனால் அடுத்த மாத வாடகைக்கு அந்தப் புரிதல் உதவாது. சிலர் வேறு மாநிலங்களுக்குப் போனார்கள். சிலர் பட்டறை திறக்கும் என்று காத்திருந்தார்கள். நானும் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

பி.எட். என்ற எண்ணத்தை முதலில் சொன்னவர் என் மனைவி. மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் வேதியியல் சொல்லிக் கொடுப்பதை ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர். "ஏனுங்க, இதையே ஒரு வேலையா பாத்தா என்னங்க?" என்றார். "இந்த வயசுல காலேஜா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான்கு பவுன் அடகுக்குப் போனது. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அப்போது பி.எட். ஓராண்டுப் படிப்பு. 2015 முதல்தான் அது ஈராண்டாயிற்று.

அதன்பின் எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. 2012 ஜூலையில் நம் மாநிலத்தின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 150 வினாக்கள், ஒன்றரை மணி நேரம், தேர்ச்சிக்கு 90 மதிப்பெண். அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றோர் மிகச் சிலரே. தோற்ற பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு தனியார் பள்ளியில், சாயப்பட்டறையில் வாங்கியதில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடி படித்தேன். 2013 ஆகஸ்ட்டில் தேர்ச்சி. பிறகு வெயிட்டேஜ் முறை. தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, பி.எட். மதிப்பெண்களும் சேர்க்கப்பட்டன. எப்போதோ வாங்கிய மதிப்பெண்கள் திரும்ப வந்து கணக்குக் கேட்டன. 2014இல் பட்டதாரி ஆசிரியராகப் பணியில் சேர்ந்தேன். பட்டறை மூடியதிலிருந்து மூன்றரை ஆண்டுகள்.

என்னோடு பி.எட். படித்தவர்களில் என்னைவிட நன்றாகப் படித்த சிலருக்கு இன்றுவரை அரசுப் பணி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் அது மாணவர்களுக்கு இன்னொரு தவறான வாக்கியமாகிவிடும்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தபோது

கல்லூரியில் முதல் நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சுற்றிலும் 21, 22 வயதுப் பிள்ளைகள். முதல் வாரத்திலேயே எல்லாரும் "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் நடத்திய விரிவுரையாளர் ஒருவர் என்னைவிட இளையவர். உளவியல் வகுப்பில் பியாஜே, வைகாட்ஸ்கி என்று பெயர்கள் வந்தன. குறிப்பெடுக்கக் கை ஓடவில்லை. பத்து ஆண்டுகளாக எண்களை மட்டுமே எழுதிய கை அது.

எனக்குப் புரியாதபோது நான் கேட்கவில்லை. 'இவ்வளவு வயதாகியும் இதுகூடத் தெரியவில்லையா' என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். புரிந்ததற்கான தலையாட்டலும் புரியாததை மறைக்கும் தலையாட்டலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்று வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்பதை நான் பெரும்பாலும் விட்டுவிட்டேன். "பக்கத்தில் இருப்பவருக்கு இதை இரண்டு வரியில் சொல்லுங்கள்" என்கிறேன். யாருக்குப் புரியவில்லை என்பது யாரும் கையைத் தூக்காமலே தெரிந்துவிடும்.

இரண்டாவது பாடம் கற்பித்தல் பயிற்சியில் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பில் அமிலம், காரம் நடத்தப் போனேன். ஒன்பது ஆண்டுகள் தினமும் பி.எச். பார்த்தவன், இதில் எனக்கென்ன என்ற நினைப்பு. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். மணி அடித்ததும் வழிகாட்டி ஆசிரியர் என்னைத் தனியாக அழைத்துச் சென்றார். "நீங்க பேசுனது எல்லாம் சரி. 45 நிமிசத்துல ஒரு பிள்ளையாவது வாயைத் திறந்துச்சா?" என்று கேட்டார். இல்லை. ஒரு தொழிலில் பழகியவர் கற்பிக்க வரும்போது வரும் சிக்கல் இதுதான். எது கடினம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும். நான் திரும்பவும் மாணவனாகி, புரியாமல் உட்கார்ந்திருந்த அந்த ஓராண்டுதான் அதை எனக்கு நினைவூட்டியது.

பட்டறையில் கற்றது வீணாகவில்லை

வேலை மாறுபவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு சொல் உண்டு: "இத்தனை வருசம் வீணாப்போச்சு." நானும் சொன்னேன். வீணாகவில்லை என்பதை வகுப்பறையில்தான் கண்டேன். பத்தாம் வகுப்புக் கரைசல்கள் பாடத்தையோ பி.எச். பகுதியையோ நடத்தும்போது நான் செய்யும் ஒரு செயல்பாட்டை இங்கே தருகிறேன். எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

தேவையானவை: நன்கு துவைத்த, கஞ்சி இல்லாத வெள்ளைப் பருத்தித் துணித்துண்டுகள் 3, குளிர்ந்த நீரிலேயே ஏறும் ரியாக்டிவ் சாயம் சிறிதளவு, சாப்பாட்டு உப்பு, சலவைச் சோடா (சமையல் சோடா அல்ல), மூன்று கண்ணாடிக் குவளைகள்.

சாயத்தூளை ஆசிரியரே கையுறையும் முகக்கவசமும் அணிந்து நீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். தூள் காற்றில் பறந்து மூச்சில் போகக் கூடாது. மூன்று குவளைகளிலும் 200 மி.லி. நீரும் ஒரே அளவு சாயக் கரைசலும் ஊற்றுங்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மட்டும் 10 கிராம் உப்பைக் கரையுங்கள். மூன்றிலும் துணியைப் போட்டு 20 நிமிடம் அவ்வப்போது கிளறச் சொல்லுங்கள். பிறகு முதல் குவளையிலும் மூன்றாவதிலும் மட்டும் 4 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து மூன்று துணிகளையும் சோப்பு கலந்த வெந்நீரில் அலசுங்கள். காலை இடைவேளைக்கு முன் தொடங்கினால் அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளில் முடிந்துவிடும்.

உப்பு இல்லாத முதல் துணி வெளிறியிருக்கும். சோடா இல்லாத இரண்டாவது துணி அலசும்வரை அழகாக இருக்கும், அலசினால் நிறம் பெருமளவு போய்விடும். மூன்றாவதில் நிறம் நிற்கும். காரணத்தை மாணவர்களையே ஊகிக்க விடலாம். நீரில் நனைந்த பருத்தி இழை சற்றே எதிர்மின்சுமை பெறுகிறது. சாய அயனியும் எதிர்மின்சுமை கொண்டது. இரண்டும் விலகும். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையின் அருகே வரச்செய்கின்றன. சோடா பி.எச். மதிப்பை உயர்த்துகிறது. அப்போது செல்லுலோசும் சாயமும் வேதிப் பிணைப்பால் இணைகின்றன. உப்பு அழைத்து வருகிறது, சோடா பிணைத்து வைக்கிறது.

ஒருமுறை இந்தச் செயல்பாட்டின் முடிவில் முன்வரிசை மாணவி ஒருவர் கேட்டார்: "சாயம் துணியில ஒட்டிக்கிச்சு. அப்ப உப்பு எங்க சார் போச்சு?"

இதைவிட நல்ல கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை. உப்பு துணியில் தங்காது. போட்ட 10 கிராமும் ஏறக்குறைய அப்படியே நீரில்தான் இருக்கிறது. மிச்ச நீரில் சிறிதளவைக் கிண்ணத்தில் ஊற்றி வெயிலில் வைத்தோம். இரண்டு நாளில் வண்ண உப்பு படிந்திருந்தது. நிறத்தைச் சுண்ணாம்பும் படிகாரமும் போன்றவற்றால் ஓரளவு வீழ்படிவாக்கலாம். கரைந்த உப்பு அவற்றால் போகாது. அதை நீக்க எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கலும் வேண்டும், அதற்குச் செலவு அதிகம். நொய்யலில் நடந்தது என்ன, பட்டறைகள் ஏன் மூடப்பட்டன என்பதை மாணவர்கள் ஒரு கிண்ணத்தில் பார்த்துவிட்டார்கள். என் வேலையைப் பறித்ததும் அந்த உப்புதான். இன்று எனக்குப் பாடம் நடத்த உதவுவதும் அதுதான். ஆனால் 'இது எனக்கு எப்படித் தெரியும்' என்பதை அன்றுகூட அவர்களிடம் நான் சொல்லவில்லை. சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர் என்றால் மதிப்புக் குறையுமோ என்று நினைத்தேன். அந்த வகுப்பில் பாதிப் பேரின் பெற்றோர் சாயப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும்தான் வேலை பார்க்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை.

எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடும்?

'ஒரு முறை எடுத்த முடிவு மாறாது' என்பது தவறு. 'எப்போது வேண்டுமானாலும் எதையும் படிக்கலாம்' என்பதும் தவறு. சில கதவுகள் திறந்தே இருக்கும், சிலவற்றுக்குத் தனிச் சாவி வேண்டும், சில மூடிவிடும். இதை மாணவர்களுக்குப் பிரித்துச் சொல்வதுதான் நம் வேலை. நான் வகுப்பில் சொல்பவை:

1. பதினொன்றாம் வகுப்புப் பாடப்பிரிவு உண்மையிலேயே முக்கியம். மருத்துவம், செவிலியப் பட்டப்படிப்பு போன்றவற்றுக்கு மேல்நிலையில் அறிவியல் பாடங்கள் வேண்டும். வணிகவியல் படித்துவிட்டு பின்னால் அங்கே திரும்புவது மிகக் கடினம். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2. தொழிற்கல்வி ஒரு முட்டுச்சந்து அல்ல. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் உரிய பிரிவில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலையில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளுக்கும் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை உண்டு.

3. பி.எட். சேர விரும்புபவர் தம் பட்டம் பள்ளிப் பாடத்தோடு பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டத்தின் பெயர் சற்று மாறியிருந்தால் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருவர் இதைப் பி.எட். முடித்த பிறகு பார்த்தார். பல மாதங்கள் அலைந்தார். தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றாலே பணி என்ற நிலையும் இப்போது இல்லை. அதன்பின் போட்டித் தேர்வு உண்டு. வயது வரம்பும் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைத்தான் நம்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரை அல்ல.

4. ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஆனால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய, நேரடியாக வகுப்புக்குச் சென்று படித்த பட்டமே செல்லும். அஞ்சல் வழிச் சட்டப் பட்டத்தைப் பார் கவுன்சில் ஏற்காது. அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும்.

5. வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதலும் செயல்படுகின்றன. எந்த நிறுவனமானாலும் குறிப்பிட்ட அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி அந்த ஆண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையாக முடிக்காமல் நேரடியாகப் பெறும் பட்டம் நம் மாநில அரசுப் பணிக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும்.

2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் வந்தபின் உயர்கல்வி வழிகாட்டல் நம் பள்ளிகளில் முறையாக நடக்கிறது. அதில் நாம் பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புக்கு அடுத்த ஆண்டைப் பற்றியே பேசுகிறோம். பட்டம் முடித்து நான்கைந்து ஆண்டுகள் கழித்து வரும் சந்தேகத்தைப் பற்றியும் ஒரு பாடவேளை பேசினால் போதும், அது அவர்களுக்குப் பின்னால் உதவும்.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை இதைச் செய்யலாம். வார இறுதியில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ தெருவிலோ வேலையோ படிப்போ மாறிய ஒருவரைச் சந்தித்து ஐந்து கேள்விகள் கேட்டு வர வேண்டும்.

முதலில் என்ன வேலை செய்தீர்கள்? ஏன் மாறினீர்கள்? மாறுவதற்கு என்ன படித்தீர்கள் அல்லது யாரிடம் கற்றீர்கள்? அந்தக் காலத்தில் வீட்டுச் செலவை யார் பார்த்துக்கொண்டார்கள்? பழைய வேலையில் கற்ற எது இன்றும் உதவுகிறது?

திங்கட்கிழமை கரும்பலகையில் பட்டியல் இடுங்கள். எங்கள் வகுப்பில் வந்தவை: தறி ஓட்டிய பெரியப்பா 40 வயதில் மின்பணியாளர் ஆனது, தைத்துக்கொண்டிருந்த அத்தை தொலைநிலையில் பட்டம் முடித்து ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுவது, ஓட்டுநர் வேலையை விட்டு விவசாயத்துக்கே திரும்பிய மாமா. நான்காவது கேள்விக்கான விடைகளைத் தனியாக ஒரு பத்தியில் எழுதினோம். 'அம்மா', 'மனைவி', 'அக்கா' என்றே பெரும்பாலும் வந்தது. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. ஒருவர் மாறும்போது இன்னொருவர் சுமக்கிறார் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் வீட்டு ஓவர்லாக் மெஷின் சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இதில் ஒரு எச்சரிக்கை. வேலை இழப்பை வீட்டில் பேச விரும்பாத குடும்பங்கள் உண்டு. யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். வெளியில் ஒருவரைக் கேட்டு வந்தாலும் போதும்.

நான்கு கேள்விகள்

இனி அந்தத் தம்பியிடம் வருகிறேன். அன்று மாலை அவரை வரச்சொல்லி, வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். முதலில் என் கதையைச் சொன்னேன். "நீங்களா சார்? பட்டறையிலயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு ஒரு தாளில் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன்.

முதல் கேள்வி: இப்போதைய வேலை பிடிக்கவில்லையா, அல்லது அந்தப் படிப்பு பிடித்திருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. ஒரு நாள் விடுப்புப் போட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது: சேர்க்கை அறிவிக்கையில் தகுதி, கட்டணம், வருகைப்பதிவு பற்றி என்ன எழுதியிருக்கிறது? இதைக் கேட்டதும் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வேலையில் இருந்துகொண்டே, வகுப்புக்குப் போகாமலே சட்டப் பட்டமாம். முன்பணம் கட்டத் தயாராக இருந்தார். அந்தப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று விளக்கினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அந்த ஒரு தகவலே அன்று பேசியதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது: வருமானம் இல்லாத மாதங்கள் எத்தனை, அந்தச் செலவை யார் சுமப்பார்கள், அவர்களிடம் கேட்டாயிற்றா?

நான்காவது: படித்து முடித்தும் நினைத்தது கிடைக்கவில்லை என்றால் அப்போது என்ன செய்வாய்?

இரண்டு வாரம் கழித்துத் தாளோடு வந்தார். கோயம்புத்தூர் நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். "பாதி நேரம் வாய்தாதானுங்க சார். ஆனா அங்கயே உக்காந்திருக்கலாம்னு தோணுச்சு" என்றார். மூன்றாவது கேள்விக்குக் கீழே எண்கள்: பைக் கடன் இன்னும் பத்து மாதம், தங்கையின் படிப்புச் செலவு, அம்மாவின் சம்பளம். அம்மாவையும் அழைத்து வந்திருந்தார்.

"சார், நாலு பேரு மாதிரி இவனும் ஒரு வேலையில நின்னா போதுங்க. மறுபடி காலேஜ்னா எனக்கு நெஞ்சு பதறுதுங்க" என்றார் அந்த அம்மா. என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. அந்தப் பதற்றத்தை என் வீட்டில் பார்த்திருக்கிறேன். "பதறுறது நியாயந்தானுங்கம்மா. அதுக்குத்தான் கணக்குப் போட்டுப் பாக்கச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னேன். மூவரும் தாளைப் பார்த்தோம். இந்த ஆண்டு சேர முடியாது என்பது எண்களிலேயே தெரிந்தது. கடனை முடித்து, ஓராண்டுக் கட்டணத்தைச் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டு அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். இடம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். ஆனால் போகும்போது அந்த அம்மா தாளை மடித்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். மகனிடம் கொடுக்கவில்லை.

மாற்றிக்கொண்ட வாக்கியம்

இந்தக் கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கு முதல் அறிவியல் பாடவேளையிலேயே என் கதையைச் சொல்லிவிட்டேன். ஒன்பது ஆண்டுகள் சாயப்பட்டறை, மூடல், அடகு, 31 வயதில் கல்லூரி, தகுதித் தேர்வில் தோல்வி, எல்லாவற்றையும் சொன்னேன். மதிப்புக் குறையவில்லை. இடைவேளையில் ஒரு மாணவன் வந்து, "எங்கப்பாவும் டையிங்லதானுங்க சார், அவருக்கு கெமிஸ்ட்ரி நெறையத் தெரியும்" என்றான். அதுவரை அவன் தன் அப்பாவைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை என்று வகுப்பாசிரியர் பிறகு சொன்னார். அடுத்த முறை சாயமேற்றும் செயல்பாட்டுக்கு அவரையே வகுப்புக்கு அழைக்க எண்ணியிருக்கிறேன்.

நம்மில் பலரும் வேறு வேலை பார்த்துவிட்டு இப்பணிக்கு வந்தவர்கள்தான். கடைக் கணக்கு எழுதியவர், மருந்து விற்பனைப் பிரதிநிதியாக அலைந்தவர், பிள்ளை பிறந்தபின் மறுபடி கல்லூரி சென்றவர் என்று ஒவ்வொரு பள்ளியின் ஓய்வறையிலும் ஒருவராவது இருப்பார். அவர்கள் தம் கதையை, பட்ட கடனும் தோல்வியும் சேர்த்து, மாணவர்களிடம் ஒரு முறை சொல்லலாம்.

பேருந்து வாக்கியத்தை நான் விட்டுவிடவில்லை, மாற்றிக்கொண்டேன். "எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று கேட்டு ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கலாம். ஆனால் அடுத்த பேருந்துக்குக் காசும் நேரமும் வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்" என்கிறேன். பழைய வாக்கியத்தைவிட இது நீளம். ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் வந்து இதைத் திருப்பிச் சொன்னால், நான் தலைகுனிய வேண்டியிருக்காது.